மேகத்துக்கு மேலே நின்ற கங்காணி
வடசிலாங்கூர்த் தோட்டங்களின் வரலாறு – அத்தியாயம் 21

பெரட்டில் ஆள்கணக்கு முடிந்து ஆட்கள் நிரைகளுக்குப் பிரிந்து போனபின், தோட்டத்து எழுத்தரான கிராணி ஆபீசுக்குப் பின்புறமுள்ள புல்தரைக்கு நடந்து போவார். அங்கே முழங்கால் உயரத்தில் ஓர் உலோகக் குழாய் நின்றிருக்கும். மூடியைக் கழற்றி, உள்ளே தேங்கியிருக்கும் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அளவு பார்ப்பார். பிறகு ஆபீசுக்குத் திரும்பி, தடித்த அட்டை போட்ட பதிவேட்டில் அந்த எண்ணை எழுதுவார். மழை பெய்யாத நாளிலும் போவார். அன்றைக்குச் சுழியம் எழுதுவார். சின்ன வயதில் அந்தக் குழாய்க்குள் கல் போட்டதற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன். ஒரு குழாய்க்கு ஏன் இத்தனை மரியாதை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் மழைதான் கணக்கு. விடியற்காலை மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, அன்றைய வருமானம் போச்சு. ஆண்டின் முதல் மாதங்களில் பால்மரம் இலை உதிர்க்கும். அப்போது பால் குறையும். புதுத் தளிர் விடும் நேரத்தில் மழை பிசகினால் இலையில் சாம்பல்நோய் பிடிக்கும். துரை இவற்றையெல்லாம் கிராணியின் பதிவேட்டிலும், கங்காணியும் தண்டலும் வெளிக்காட்டிலிருந்து கொண்டுவந்து சொன்ன சேதியிலும்தான் தெரிந்துகொண்டார். பருவத்தைக் கண்காணிப்பது என்ற வேலை மனிதக் கண்ணும் காலும் செய்த வேலையாக இருந்தது.

அந்த வேலையை வானத்திலிருந்து செய்யத் தொடங்கியபோது நம் வட்டாரத்தில் என்ன நடந்தது என்பதை இந்த வாரம் பார்ப்போம். போன அத்தியாயங்களில் சொன்ன ஒரு செய்தியை முதலில் மீண்டும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே 1905இல் மலாயாவுக்கு வந்தார். தோட்டத் தொழிலைப் பழகிய காலத்திலேயே மலாயையும் தமிழையும் கற்றுக்கொண்டார். சிலாங்கூர் ஆற்றங்கரையில் ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் நட்டார். 1911இல் சுமத்ராவிலிருந்து செம்பனை விதைகளைக் கொண்டுவந்து முளைக்கவைத்தார். 1917இல், பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் பக்கத்தில், இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எழுந்தது. அதன் பெயர் தென்னமரம். ஆங்கில எழுத்தில் எப்படிச் சிதைந்து கிடந்தாலும் அது நம் தென்னைமரம்தான். மலேசியாவின் செம்பனைத் தொழிலின் பிறப்பிடத்துக்குத் தமிழ்ப் பெயர் இருக்கிறது என்பதை நம் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்? ஃபோகோனியே எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஆனால் அவருடைய நாவலைவிட அவர் ஊன்றிய மரந்தான் இந்த மண்ணை அதிகம் மாற்றியது. 1990 வாக்கில் செம்பனையின் பரப்பு நாடு முழுவதிலும் ரப்பரைத் தாண்டிவிட்டது. புக்கிட் ரோத்தான், ஈஜோக், ராஜா மூசா என்று நம் பக்கத்தில் பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனையானது.

இந்த மாற்றத்தின் பிற்பாதியை மனிதரோடு சேர்ந்து இன்னொரு கண்ணும் பார்த்துக்கொண்டிருந்தது.

1972ஆம் ஆண்டு கோடையில் இரண்டு காரியங்கள் நடந்தன. சோவியத் ஒன்றியத்தில் கோதுமை விளைச்சல் சரிந்தது. வெளியே யாருக்கும் தெரியுமுன் அது அமெரிக்காவின் தானியத்தைப் பெருமளவில் வாங்கிக் குவித்தது. உலகச் சந்தையில் விலை எகிறியது. தொலைவிலுள்ள ஒரு நாட்டின் வயலில் பயிர் காய்வதை முன்கூட்டியே அறிய முடியாதா என்ற கேள்வி அமெரிக்காவை உறுத்தியது. அதே ஆண்டு ஜூலை 23ஆம் தேதி, பின்னாளில் லேண்ட்சாட் 1 என்று பெயர் பெற்ற செயற்கைக்கோள் விண்ணில் ஏறியது. 18 நாளுக்கு ஒருமுறை பூமியின் ஒவ்வோர் இடத்தின் மேலும் கடந்து, படம் எடுத்து அனுப்பியது. 1974 முதல் சில ஆண்டுகள் நாசாவும் அமெரிக்க வேளாண் துறையும் வானிலைத் துறையும் சேர்ந்து அந்தப் படங்களைக் கொண்டு கோதுமை விளைச்சலைக் கணிக்கும் பெருஞ்சோதனையை நடத்தின. 1977இல் சோவியத் விளைச்சலை அவர்கள் சரியாகவே கணித்தார்கள்.

அவர்கள் பயன்படுத்திய தத்துவம் எளியது. பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி வீசும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். இலை செழித்திருந்தால் எண் ஒன்றை நோக்கி ஏறும், வாடினால் இறங்கும். தாவரக் குறியீடு என்று இதைச் சொல்கிறார்கள். விதைத்தபோது கீழே, கதிர் விடும்போது உச்சியில், அறுவடையில் மறுபடி கீழே என்று ஒரு பருவத்தின் வரலாறே அந்த எண்ணின் ஏற்ற இறக்கத்தில் எழுதப்பட்டுவிடும்.

வானிலிருந்து நிலத்தைப் பார்த்து அறியும் தொலையுணர்வு இந்தியாவில் தொடங்கிய கதையை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. 1970 வாக்கில், கேரளத்தில் தென்னையை வேர்வாடல் நோய் தாக்கியிருந்தபோது, பிஷாரடி என்ற அறிவியலாளர் ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் தென்னந்தோப்புகளைப் படம் பிடிக்க வைத்தார். நோய்பட்ட மரம் அந்தப் படத்தில் வேறு நிறத்தில் தெரிந்தது. இந்தியத் தொலையுணர்வின் தந்தை என்று அவரைச் சொல்வதற்கு அதுவே காரணம். வானிலிருந்து பயிரைப் பார்க்கும் வேலையை அந்த நாடு தென்னைமரத்தில்தான் தொடங்கியது. நாமும் தென்னமரத்தில் தொடங்கியிருக்கலாம். ஆனால் நம் தலைக்கு மேலே ஒரு தடை இருந்தது.

மேகம்.

கோதுமை விளையும் சமவெளிகளில் வானம் பல வாரம் தெளிந்து கிடக்கும். கோலசிலாங்கூரில் அப்படியா? காலையில் மலாக்கா நீரிணைப் பக்கத்திலிருந்தும் தித்திவங்சா மலைப் பக்கத்திலிருந்தும் மேகம் கூடிக்கொண்டே வரும். 18 நாளுக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 வாய்ப்பு. அவற்றில் பெரும்பாலானவை வெள்ளைப் பஞ்சைத்தான் படம் பிடித்தன. தப்பித்தவறித் தெளிவாக விழுந்த படத்திலும் ஒரு புள்ளி என்பது தரையில் ஓர் ஏக்கருக்கும் சற்று மேல். செம்பனையில் ஐம்பது அறுபது மரங்கள் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். நிலப்பயன்பாட்டு வரைபடம் போட அது போதும். பருவத்தைப் பின்தொடரப் போதாது. அதுவரை நாட்டின் நிலப்பயன்பாட்டை வரைந்த 1966ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பைப் போன்ற வேலைகளுக்கு விமானப் படங்களே ஆதாரமாக இருந்தன. விமானம் மேகம் விலகும் நாள் பார்த்துப் பறக்கலாம், செயற்கைக்கோளால் அது முடியாது.

வெப்பமண்டல நாடு ஒன்றின் பயிர்க் கண்காணிப்பு வரலாறு பெரும்பாலும் மேகத்தோடு நடத்திய போராட்டத்தின் வரலாறுதான். அதை மலேசியா மூன்று வழியில் எதிர்கொண்டது.

முதலாவது, சொந்த நிறுவனம். 1988இல் மாக்ரெஸ் என்ற தொலையுணர்வு மையம் கோலாலம்பூரில் அமைக்கப்பட்டது. பிற நாட்டுச் செயற்கைக்கோள்களின் தரவை நேரடியாக வாங்க பகாங்கின் தெமெர்லோவில் தரை நிலையம் எழுந்தது. அந்த மையமே 2008இல் மலேசியத் தொலையுணர்வு முகமையாகி, 2019இல் விண்வெளி முகமையோடு இணைந்து இன்றைய மைசா ஆனது.

இரண்டாவது, சொந்தச் செயற்கைக்கோள். 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் தியுங்சாட் 1 பறந்தது. அது பயிற்சி முயற்சி; 50 கிலோ எடையுள்ள சிறிய செயற்கைக்கோள். அடுத்தது பெருங்கனவு. உலகின் மற்ற புவிநோக்குக் கோள்களில் பெரும்பாலானவை துருவத்திலிருந்து துருவம் சுற்றுகின்றன. அதனால் நிலநடுக்கோட்டு நாடுகளின் மேல் அடிக்கடி வருவதில்லை. நாம் நிலநடுக்கோட்டை ஒட்டியே சுற்றும் கோளை அனுப்பினால், அது ஒரே நாளில் பல முறை நம் தலைக்கு மேல் வரும். மேகம் விலகும் ஏதோ ஒரு நேரத்தில் படம் கிடைத்துவிடும் என்று நம் பொறியாளர்கள் கணக்கிட்டார்கள். மிக நல்ல யோசனை அது. ராசாக்சாட் 2009 ஜூலையில், பசிபிக் கடலின் குவாஜலின் தீவுக்கூட்டத்திலிருந்து ஃபால்கன் 1 ராக்கெட்டில் ஏறியது. இரண்டரை மீட்டர் நுணுக்கத்தில் கருப்பு வெள்ளைப் படம் எடுக்கும் திறன் அதற்கு இருந்தது. ஆனால் படங்கள் குறித்த இடத்தைவிட்டு விலகி விழுந்தன; ஓராண்டு கழிந்ததும் கோள் செயலிழந்தது. கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை வரை அந்தத் தோல்வி போனது. செலவைச் சுட்டி அதைப் பழித்தவர்கள் உண்டு. என் தீர்ப்பு வேறு: வெப்பமண்டலத்துக்கு வெப்பமண்டலக் கண் வேண்டும் என்று எண்ணியது சரி, ஒரு தோல்வியோடு அந்த எண்ணத்தைக் கைவிட்டதுதான் தவறு.

மூன்றாவது வழிதான் வென்றது. ரேடார்.

ரேடார் சூரிய ஒளிக்குக் காத்திருப்பதில்லை. தானே அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வாங்கிப் படமாக்குகிறது. அந்த அலைக்கு மேகம் ஒரு பொருட்டல்ல. இரவும் ஒரு பொருட்டல்ல. 1991இல் ஐரோப்பாவின் இஆர்எஸ் 1, 1992இல் ஜப்பானின் ஜேஇஆர்எஸ் 1, 1995இல் கனடாவின் ரேடார்சாட் என்று ஒன்றன்பின் ஒன்றாக ரேடார்க் கோள்கள் வந்தன. ரேடார்சாட் பறப்பதற்கு முன்பே, 1993இல், கனடாவின் ஆய்வு விமானம் ஒன்று ரேடார்க் கருவியைச் சுமந்து பல வளரும் நாடுகளுக்கு வந்து சோதனை செய்தது. அவற்றில் மலேசியாவும் ஒன்று.

ரேடாரின் பயன் நம் வட்டாரத்தில் மிகத் தெளிவாகத் தெரிவது தோட்டத்தில் அல்ல, நெல்வயலில். தஞ்சோங் காராங்கிலிருந்து சபாக் பெர்ணம் வரை, கடலுக்கும் சதுப்புக் காட்டுக்கும் நடுவே ஒரு நீண்ட பட்டையாகக் கிடக்கும் அந்த வயல்கள் 1930களில் உருவாகத் தொடங்கியவை. மலாயா தன் அரிசிக்குப் பர்மாவையும் சயாமையும் நம்பியிருந்த காலம் அது. தோட்டத்தில் நம் ஆட்களுக்குக் கிடைத்த அரிசி பெரும்பாலும் கப்பலில் வந்த அரிசி. ஜப்பான்காரன் காலத்தில் அந்தக் கப்பல் நின்றதும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்ததை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அப்படி ஒரு நாள் வரக்கூடும் என்று போருக்கு முன்பே இருந்த அச்சத்திலிருந்து பிறந்ததுதான் நாட்டுக்குள்ளேயே நெல் என்ற திட்டம். சுங்கை பெர்ணத்தில் அணை கட்டி, நீரைத் திருப்பி, சுங்கை தெங்கி வழியாகப் பெருவாய்க்காலில் இறக்கி, சாவா செம்படான், சுங்கை பூரோங், செகிஞ்சான், சுங்கை லெமான், பாசிர் பாஞ்சாங் என்று பகுதி பகுதியாகப் பாய்ச்சினார்கள். மொத்தம் 20,000 ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவு. ஒரு குடும்பத்துக்கு 60 மீட்டர் அகலம், 200 மீட்டர் நீளம்; மூன்று ஏக்கர் துண்டு.

எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் விடத் தண்ணீர் போதாது. அதனால் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். ஒரு பகுதியில் நீர் கட்டும்போது இன்னொன்றில் நாற்று நிற்கும், வேறொன்றில் கதிர் சாயும். யார் எப்போது நட்டார், எங்கே நீர் எட்டவில்லை என்பது தெரிந்தால்தான் வாய்க்காலைத் திறப்பவர் சரியாகத் திறக்க முடியும். மோட்டார் சைக்கிளில் வரப்பு வரப்பாகப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி இது.

ரேடார் இதை எப்படிச் சொல்கிறது? நீர் கட்டிய வயல் கண்ணாடி மாதிரி. வந்து விழும் அலையை அது எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கோளுக்கு எதிரொலி திரும்பாது. படத்தில் வயல் கறுப்பாக விழும். நெல் தண்டு நீருக்கு மேல் எழ எழ, அலை நீரில் பட்டுத் தண்டில் பட்டுக் கோளுக்கே திரும்பும். வயல் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வரும். கதிர் விடும் காலத்தில் உச்சம். பிறகு மாறத் தொடங்கும். கறுப்பான தேதி நீர் கட்டிய தேதி. அதிலிருந்து எண்ணினால் பயிரின் வயது. வியட்நாமில் பிறந்து பிரான்சில் பணியாற்றிய லே தொவான் என்ற அம்மையாரும் அவருடைய குழுவும் ஜாவாவின் செமாராங் வயல்களிலும் ஜப்பானிலும் அளந்து, இந்த உறவைக் கணித மாதிரியோடு 1997இல் நிறுவினார்கள். ஆசியாவின் நெல்லை ரேடாரில் கண்காணிக்கும் பல திட்டங்கள் இன்று அந்த ஆய்வின் தோளில்தான் நிற்கின்றன.

2014 ஏப்ரலில் ஐரோப்பாவின் சென்டினல் 1 பறந்ததும் நிலைமை அடியோடு மாறியது. 12 நாளுக்கு ஒரு படம், மேகம் எப்படியிருந்தாலும். அதுவும் உலகில் யார் கேட்டாலும் காசில்லாமல். முன்பு இரண்டு மூன்று புள்ளிகளுக்குள் அடங்கிப்போன செகிஞ்சான் துண்டு இப்போது அகலத்தில் ஆறு, நீளத்தில் இருபது புள்ளிகளாக விரிகிறது. செர்டாங்கின் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல்லாண்டாகத் தஞ்சோங் காராங் பாசனத்தைப் புவித்தகவல் வரைபடங்களாக மாற்றிவந்தவர்கள். அந்த அடித்தளத்தின் மேல் இத்தகைய தரவைப் பொருத்திப் பார்ப்பது எளிதாயிற்று.

நம் பூர்வீக மண்ணிலும் இதே கருவி இதே வேலையைச் செய்திருக்கிறது. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரைஸ் என்ற பன்னாட்டுத் திட்டத்தில் சேர்ந்து காவிரிப் படுகை நெல்லை ரேடாரில் பின்தொடர்ந்தது. 2016–17இல் தமிழகம் கடும் வறட்சியில் சிக்கியபோது, எந்தெந்த ஊர்களில் நடவே நடக்கவில்லை, எங்கே பயிர் கருகியது என்பதற்கு அந்தப் படங்கள் சாட்சி சொன்னதால் பயிர்க் காப்பீட்டுத் தொகையைக் கணக்கிட உதவி கிடைத்தது. கிராம அலுவலரின் கையெழுத்துக்காகக் காத்துக்கிடந்த விவசாயிக்கு விண்ணிலிருந்து ஒரு சாட்சி வந்தது. இந்த வரலாறு முழுவதிலும் என் மனத்துக்கு மிக நெருக்கமான பக்கம் அதுதான்.

இனித் தோட்டத்துக்குத் திரும்புவோம். செம்பனை ஓர் அழுத்தமான மரம். நெல்லைப் போல முகத்தில் எதையும் காட்டாது. ஆண்டு முழுவதும் பச்சை. வறட்சி வந்தாலும் மட்டைகள் அடர்ந்தே நிற்கும். தாவரக் குறியீடு உச்சிக்குப் பக்கத்திலேயே அசையாமல் இருக்கும். அதன் துன்பம் உள்ளே நடக்கும். ஒரு பூங்கொத்து ஆணாவதா பெண்ணாவதா என்பது குலை வெட்டுக்கு ஏறக்குறைய இரண்டாண்டுக்கு முன்பே முடிவாகிறது. நீர்ப்பஞ்சம் வந்தால் மரம் ஆண்பூவை அதிகமாக விடும். அறுவடைக்கு ஏறத்தாழ பத்து மாதம் முன்பு இன்னொரு கண்டம்: வாட்டம் மிகுந்தால் இளம் பூங்கொத்துகள் உள்ளேயே கருகிவிடும். பூத்துச் சூலுற்றபின் பழமாவதற்கு ஐந்தரை, ஆறு மாதம். ஆகவே இன்று காணும் வறட்சியின் விலையை மரம் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் கட்டும்.

2015–16இல் எல் நினோ வறட்சி வந்தபோது இது நாடறியத் தெரிந்தது. 2015இல் மலேசியா 19.96 மில்லியன் டன் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி செய்தது. 2016இல் அது 17.32 மில்லியன் டன்னாக விழுந்தது. செயற்கைக்கோள் படத்தில் தோட்டங்கள் அப்போதும் பச்சையாகத்தான் இருந்தன. மேலிருந்து பார்த்தவர்களுக்கு முன்னெச்சரிக்கை தந்தவை இலையின் நிறத்தைக் காட்டும் படங்கள் அல்ல. மழையையும் மண்ணின் ஈரத்தையும் கடலின் வெப்பத்தையும் அளந்த கோள்கள்தான். கிராணி அன்று குழாயில் அளந்ததைத்தான் அவையும் அளந்தன.

இந்த முன்னறிவிப்பு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை நான் விட்டுவிட மாட்டேன். செம்பனை எண்ணெய்க்கு 1980 முதல் கோலாலம்பூரில் முன்பேரச் சந்தை இருக்கிறது. அடுத்த மாத விளைச்சல் குறையுமா கூடுமா என்ற சேதிக்கு அங்கே பணமதிப்பு உண்டு; அதை வாங்க நிறுவனங்கள் உண்டு. குலை வெட்டுகிறவருக்கோ வருமானம் வெட்டிய குலையைப் பொறுத்தது. குலை குறையும் மாதங்கள் வருகின்றன என்று அவருக்கு முன்னதாகச் சொன்னால், அவரும் கடன் வாங்காமல் இருக்க, வேறு வேலை பார்க்க, ஒரு வழி தேடிக்கொள்வார். அவருடைய வீட்டுக்கு அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததாக நான் கண்டதில்லை. சேர வேண்டும்.

செம்பனையின் நோயிலும் வானத்துக் கண் நுழைந்திருக்கிறது. கனோடெர்மா என்ற காளான் அடித்தண்டை அழுகவைத்து மரத்தைச் சாய்க்கிறது. தென்னை நின்ற மண்ணில் செம்பனை நட்டால் அந்த நோய் அதிகம் என்பது பழைய அனுபவம். ஜெராம் பக்கத்துக் கடலோரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புத்ரா பல்கலைக்கழகத்தின் ஹெல்மி ஷாஃப்ரி போன்றோர் விமானத்திலிருந்து பல நுண்ணிய நிறப்பட்டைகளில் படமெடுத்து நோயுற்ற மரத்தைப் பிரித்தறிய முயன்றார்கள். பிஷாரடி தென்னையில் செய்ததன் வாரிசு இது. இன்று சென்டினல் 2 கோள்களின் ஒரு புள்ளி தரையில் நூறு சதுர மீட்டர்; ஒரு செம்பனைக்குரிய இடம் எழுபது சதுர மீட்டர். ஏறத்தாழ ஒரு மரத்துக்கு ஒரு புள்ளி. அறுபது மரத்துக்கு ஒரு புள்ளி என்று தொடங்கிய பயணம் இங்கே வந்து நிற்கிறது.

மேகத்தைத் தாண்டியும் ஒரு தடை வந்தது. அதை இம்மாவட்டத்தில் வாழ்ந்த எவரும் மறக்க முடியாது. 2005 ஆகஸ்ட் 11ஆம் தேதி, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால், கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அரசு அவசரநிலை அறிவித்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பகலில் விளக்கு போட்டுக்கொண்டு வண்டிகள் ஊர்ந்தன. சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை நீரிணையைக் கடந்து நம்மை மூடியது. அந்தத் தீப்புள்ளிகளைக் கண்டவை டெர்ரா, ஆக்குவா என்ற கோள்கள். வெப்பத்தை உணர்ந்து எங்கே எரிகிறது என்று நாள்தோறும் காட்டின.

ஆனால் தீ அக்கரையில் மட்டும் இல்லை. நம் தோட்டங்களுக்கும் நெல்வயலுக்கும் நடுவே ராஜா மூசா, சுங்கை காராங் காப்புக்காடுகள் சேர்ந்து 70,000 ஹெக்டேருக்கும் மேலான கரிச்சேற்றுச் சதுப்பு நிலம் இருக்கிறது. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும் நிலம் அது. தஞ்சோங் காராங் வயல்களுக்கு அதுவும் ஒரு தாய்மடி. கால்வாய் வெட்டி அதன் நீரை வடித்தால், காய்ந்த கரிமண் தீப்பிடிக்கும். மேலே அணைத்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். சட்டத்துக்குப் புறம்பாகக் காடழித்த இடங்களைப் படங்கள் காட்டிக்கொடுத்தன. 2008 முதல் சிலாங்கூர் வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு ராஜா மூசாவில் கால்வாய்களை அடைத்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மரம் நட்டுவருகின்றன. வானிலிருந்து கண்டது தரையில் ஒரு நல்ல செயலாக முடிந்ததற்கு நம் வட்டாரத்தில் இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியாது.

இப்போது கண்காணிப்பின் நோக்கமே மாறுகிறது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெயை வாங்க மாட்டோம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்துவது தள்ளிப்போய்க்கொண்டிருந்தாலும், ஒவ்வொரு நிலத்துண்டின் இருப்பிடத்தையும் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை தொழிலை ஏற்கெனவே மாற்றத் தொடங்கிவிட்டது. பெரிய நிறுவனத்துக்கு வரைபடம் போட ஆள் இருக்கிறது. தோட்டத்தில் உழைத்துச் சேர்த்த காசில் ஐந்து ஏக்கர் வாங்கிச் செம்பனை வைத்திருக்கும் நம் சிறுதோட்டக்காரர், மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு முன்னால் தன் நிலம் எப்போது திருத்தப்பட்டது என்பதை நிறுவ வேண்டியிருக்கிறது.

அதை நிறுவ எது உதவும்? பழைய பதிவேடு. எந்தச் செயற்கைக்கோள் படமும் தானாகப் பேசுவதில்லை. இந்த நிறம் பால்மரம், இந்த நிறம் செம்பனை, இந்த ஆண்டு மறுநடவு, இந்த மாதம் மழை இத்தனை அங்குலம் என்று தரையிலிருந்து யாராவது சொன்னால்தான் படத்துக்கு வாய் திறக்கும். அறிவியலார் தரைச் சரிபார்ப்பு என்று சொல்லும் அந்த வேலைக்கான விவரங்களை, 1972க்கு முன்பும் பின்பும், நம் தோட்டங்களில் எழுதிவைத்தவர்களில் பெரும்பாலோர் நம் கிராணிமார்கள். கண்டு சொன்னவர்கள் நம் கங்காணிகளும் தண்டல்களும் வெளிக்காட்டு ஆட்களும். தோட்டம் விற்கப்படும்போதும் துண்டாடப்படும்போதும் அந்த ஏடுகள் குப்பைக்குப் போகின்றன. ஒரு தோட்ட ஆபீசு இடிக்கப்பட்டபோது மழைப் பதிவேடுகள் ஈரத்தில் ஊறிக் குவிந்து கிடந்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எடுத்துப் புரட்டினேன், தாள் கையோடு வந்தது.

பத்தாங் பெர்ஜுந்தாய், புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டில் தாத்தாவோ அப்பாவோ கொண்டுவந்து வைத்த மழைக் கணக்கு, பெரட்டுப் புத்தகம், நடவுக் குறிப்பு, தோட்ட வரைபடம், தேதி போட்ட புகைப்படம் எதுவானாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் ஆண்டையும் குறித்து, இந்த இதழின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். மூலத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.

(தொடரும்)